பருத்தியின் பங்காளி

உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து சேலம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், சோழர் கல்வெட்டுக்களில் இறையானறையூர் என்று வழங்கப்பெற்ற எலவனாசூர்கோட்டையைக் கடந்து, தியாகதுருகம் வழியே கள்ளக்குறிச்சியை நெருங்குகிறவருக்கு, கல்வராயன் மலை நீலமாக எழுந்து தோன்றுவதற்கு முன்னாலேயே மூன்று தாவரங்கள் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். கரும்புக்கும் மக்காச்சோளத்துக்கும் இடையிடையே பருத்திக் கொல்லை; கிணற்றடியிலும் மாட்டுக்கொட்டகை ஓரத்திலும் பூவரசு; கோயில் நந்தவனத்திலும் வீட்டு வாசலிலும் செம்பருத்தி. இவை மூன்றும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை என்பதை, தாவர சாஸ்திரம் படியாதவரும் பூவைக் கையில் எடுத்துப் பார்த்தே சொல்லிவிடுவார். ஏனெனில் மூன்றிலும் இதழ் ஐந்து, மூன்றிலும் மகரந்தக் கேசரங்கள் தனித்தனியே நில்லாமல் ஒன்றாகத் திரண்டு குழலாக எழுந்து சூலகத்தண்டைச் சூழ்ந்திருக்கின்றன. ஆனால் இம்மூன்றில் எந்த இரண்டு நெருங்கிய பங்காளிகள், எது சற்று எட்டிய உறவு என்ற கேள்விக்கு விடை காண்பதற்கு உலகத்துக்கு ஏறத்தாழ முந்நூறு வருஷங்கள் ஆயின. அந்த விடையும் கடைசியில் பூவின் வடிவத்திலிருந்து மாத்திரம் கிடைக்கவில்லை. செடி தன் உடலுக்குள் சமைத்து வைத்துக்கொள்ளும் ரசாயனப் பொருளும் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. அந்த விசாரணையின் சரித்திரத்தில் தமிழ்நாட்டுக்கும் தமிழருக்கும் உரிய பங்கு பெரிது என்பதனாலும், அது நம்மவரிடையே அதிகம் பேசப்படவில்லை என்பதனாலும், அதனை இங்கே சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

கொச்சியில் டச்சுக்காரரின் அதிகாரியாயிருந்த வான் ரீட் என்பவர் தொகுப்பித்து, 1678-ஆம் ஆண்டு முதல் ஆம்ஸ்டர்டாமில் அச்சேறிய 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்னும் பெருநூலின் முதல் தொகுதியில், பூவரசின் சித்திரம் பூப்பருத்தி என்ற மலையாளப் பெயரோடு இருக்கிறது. கடற்கரைக் கழிகளில் வளரும் நீர்ப்பருத்தியையும், நந்தவனத்துச் செம்பருத்தியையும் சேர்த்துப் பார்த்தால், நம் நாட்டு மக்கள் இந்தக் குலம் முழுவதையும் பருத்தியை நடுநாயகமாக வைத்தே எண்ணினார்கள் என்பது விளங்கும். 1753-இல் லின்னேயஸ் தம் பகுப்பை வெளியிட்டபோது பருத்திக்குத் தனிப் பேரினம் கொடுத்துவிட்டு, பூவரசு, நீர்ப்பருத்தி, செம்பருத்தி மூன்றையும் 'ஹிபிஸ்கஸ்' என்ற ஒரே பேரினத்துள் அடக்கினார். நீர்ப்பருத்தியையும் பூவரசையும் அருகருகே வைத்துப் பார்த்தவர்கள் இதனைக் குறையாகச் சொல்லமாட்டார்கள். இரண்டுக்கும் இதய வடிவான இலை, இரண்டுக்கும் நடுவில் கருஞ்சிவப்புப் படிந்த மஞ்சள் பூ, இரண்டிலும் காலையில் மஞ்சளாக மலர்ந்தது பொழுது சாயும்போது சிவந்து வாடும். பிற்காலத்தார் 1807-இல் பூவரசைப் பிரித்து 'தெஸ்பீஸியா' என்ற பேரினத்தில் வைத்தார்களாயினும், பருத்தி, பூவரசு, செம்பருத்தி யாவும் ஹிபிஸ்கஸின் கிளைக்குடும்பத்தில் ஒன்றாகவே கிடந்தன.

உருவத்தை விட்டு உள்ளிருக்கும் குணத்தைப் பார்த்து உறவு தீர்மானிக்கலாம் என்ற எண்ணம் எழுந்த இடத்திலும் நம் நாட்டுச் செடிகள் இருக்கின்றன. சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் கம்பெனியின் வைத்தியராயிருந்த சாமுவேல் பிரௌன் என்பவர் 1690-களில் கோட்டையைச் சுற்றியுள்ள பிரதேசத்தில் செடிகளைச் சேகரித்து, உலர்த்தி, அவற்றின் தமிழ்ப் பெயர்களையும் வைத்திய உபயோகங்களையும் குறித்து லண்டனுக்கு அனுப்பினார். அவை ஜேம்ஸ் பெட்டிவர் என்ற மருந்து வியாபாரியின் கைக்குப் போய்ச் சேர்ந்தன. அவர் அவற்றை விவரித்து ராயல் சொஸைட்டியின் சஞ்சிகையில் தொடர்ந்து வெளியிட்டார். அதே பெட்டிவர், அதே சஞ்சிகையில், 1699-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், ஒரே அமைப்புடைய செடிகள் ஒரே விதமான குணத்தையும் உடையவை என்று நிறுவ முயன்றார். செடிகளின் உறவையும் உள்ளடக்கத்தையும் இணைத்துப் பார்க்கும் சாஸ்திரத்தின் ஆதி முயற்சிகளுள் ஒன்றாக அறிஞர்கள் இன்று அக்கட்டுரையைச் சுட்டுகிறார்கள். சென்னையிலிருந்து வந்த மூலிகைக் கட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, இது இன்ன நோய்க்கு, இது இன்ன நோய்க்கு என்று படித்துக்கொண்டிருந்த மனிதருக்கே இந்த எண்ணம் உறுதிப்பட்டது என்பதை நான் வெறும் தற்செயலாகக் கருதவில்லை.

1804-இல் ஜெனிவாவைச் சேர்ந்த தெ காந்தோல் அக்கருத்தை ஒரு நூலாகவே விரித்தார். ஆயினும் குணம் என்பது நாவுக்கும் நோயாளிக்கும் தெரிவதாக இருந்த மட்டும் அது சாட்சியாக நிற்க முடியவில்லை. கசப்பு கசப்புத்தான், எந்தப் பொருளால் கசக்கிறது என்று சொல்ல ரசாயனம் வளர வேண்டியிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அது வளர்ந்தது. இங்கிலாந்தில் ஏ. ஜி. பெர்க்கின் இயற்கைச் சாயங்களை ஒவ்வொன்றாகப் பகுத்து வந்தார். இந்தியப் பருத்திப் பூவிலிருந்து ஒரு மஞ்சள் வர்ணத்தைப் பிரித்தெடுத்து அதற்குக் காஸிபெட்டின் என்று பெயரிட்டார். பருத்தியின் வெவ்வேறு இனங்களின் பூக்களில் வெவ்வேறு மஞ்சட்பொருள்கள் இருக்கின்றன என்பதும், பூவின் நிறத்துக்கும் அப்பொருள்களுக்கும் சம்பந்தம் உண்டு என்பதும் அவருடைய ஆராய்ச்சியிலிருந்தே முதலில் தெரியவந்தன.

அவர் விட்ட இடத்திலிருந்து அந்த நூலைப் பிடித்துக்கொண்டு மேலே சென்றவர் நம்மவர். திருவேங்கட ராஜேந்திர சேஷாத்ரி 1900-ஆம் ஆண்டு குளித்தலையில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, மான்செஸ்டரில் ராபர்ட் ராபின்ஸனிடம் ஆராய்ச்சி செய்து திரும்பியவர். திரும்பியபின் சில காலம் கோயம்புத்தூர் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்துவிட்டு, பிறகு வால்டேரில் ஆந்திர சர்வகலாசாலையின் ரசாயனப் பகுதியை வளர்த்தார். 1949-இல் டில்லி சென்றார். 1930-களின் நடுவிலிருந்து அவரும் அவருடைய மாணாக்கரான நீலகண்டமும் பருத்திப் பூக்களின் வர்ணங்களைப் பற்றி வரிசையாகக் கட்டுரைகள் வெளியிட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டவை சீமையிலிருந்து வரவழைத்த மாதிரிகள் அல்ல. கம்போடியா, உப்பம், கருங்கண்ணி என்று நம் குடியானவர்கள் வாயில் அன்றாடம் வழங்கிய பருத்திகளின் பூக்களே அவை. கருங்கண்ணியின் பூ நல்ல மஞ்சள். அமெரிக்க இனமான கம்போடியாவின் பூ வெளிறிய பாலேட்டு நிறம். கொல்லையில் நின்று பார்த்தாலே தெரியும் இந்த வேற்றுமைக்குள் என்ன பொருள் மறைந்திருக்கிறது என்பதுதான் அவர்கள் விசாரணை.

அந்தக் காலத்தில் இவ்வேலை எத்தகைய பிரயாசை என்பதை இன்றைய மாணவர்கள் எண்ணிப் பார்ப்பது நல்லது. கூடை கூடையாகப் பூப் பறித்து, நிறம் கெடாமல் நிழலில் உலர்த்தி, சாராயத்தில் கொதிக்கவைத்து வடித்து, அந்தச் சாற்றைச் சுண்டவைத்து, மெழுகையும் பச்சையத்தையும் ஈத்தரால் கழுவி நீக்கி, மிஞ்சிய பாகு நாட்கணக்கில் அசையாமல் இருந்து படிகம் கட்டுகிறதா என்று காத்திருக்க வேண்டும். படிகம் கட்டினால் அமிலத்தோடு காய்ச்சிச் சர்க்கரையை ஒரு பக்கமும் வர்ணத்தை ஒரு பக்கமுமாகப் பிரிக்க வேண்டும்; உருகுநிலை பார்க்க வேண்டும்; காரத்தில் இட்டு நிறம் எப்படி மாறுகிறது என்று கவனிக்க வேண்டும். காஸிபெட்டினைக் காரத்தில் கரைத்தால் நிறம் ஒன்றிலிருந்து ஒன்றாக மாறிப் பச்சையும் நீலமுமாக ஓடும். அதை இதமாக ஆக்ஸிகரணம் செய்தால் இரத்தச் சிவப்பாகிவிடும். கூடைப் பூவிலிருந்து இத்தனை வேலைக்குப் பிறகு கைக்குக் கிடைப்பது ஒரு சிட்டிகைத் தூள். மகாயுத்தத்தின்போது ஆய்வுக்கூடமே யுத்த காரியங்களுக்காக எடுத்துக்கொள்ளப்பட்டு, இடம் மாறிப் போய் வேலை செய்ய நேர்ந்த நாட்களிலும் அவர்கள் இந்தப் பணியைக் கைவிடவில்லை.

அவ்விதம் கிடைத்த சிட்டிகைத் தூள்களிலிருந்து ஒரு பெரிய ஒழுங்கு வெளிப்பட்டது. உப்பம் பருத்தியின் பூவிலிருந்து ஹெர்பாஸெட்டின், பருத்திப் பூவிலிருந்தே காஸிபின் என்ற புதிய சர்க்கரைக்கூட்டு, புளிச்சையின் உறவான சீமைப்புளிச்சைப் பூவிலிருந்து ஹிபிஸ்ஸெட்டின் என்று அவர்கள் பிரித்தெடுத்த பொருள்களை வரிசைப்படுத்திப் பார்த்தால், உலகத்துச் செடிகளில் பெரும்பாலானவற்றில் காணப்படும் சாதாரண மஞ்சட்பொருள் மூன்றையும் எடுத்து, மூன்றிலும் ஒரே ஸ்தானத்தில், எட்டாவது ஸ்தானத்தில், ஓர் ஆக்ஸிஜனைக் கூடுதலாக இந்தக் குலம் பொருத்திவைக்கிறது என்பது புலனாயிற்று. குவெர்ஸெட்டினோடு அது சேர்ந்தால் காஸிபெட்டின். கெம்ப்ஃபெராலோடு சேர்ந்தால் ஹெர்பாஸெட்டின். மிரிஸெட்டினோடு சேர்ந்தால் ஹிபிஸ்ஸெட்டின். செடி முதலில் சாதாரணப் பொருளைச் செய்துவிட்டு, பிறகுதான் இந்தக் கூடுதல் வேலையைச் செய்கிறது என்று சேஷாத்ரி கருதினார். கண்ணாடிக் குடுவையில் பர்ஸல்பேட்டைக் கொண்டு அத்தகைய ஆக்ஸிகரணத்தை நடத்தியும் காட்டினார். பூவரசம் பூவையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை; அதிலும் ஹெர்பாஸெட்டின் இருந்தது.

ஆனால் உறவைத் தீர்க்கும் சாட்சியாக இந்த மஞ்சட்பொருள்கள் எவ்வளவு தூரம் உதவும் என்பதை நிதானித்துச் சொல்ல வேண்டும். காஸிபின் பருத்தியிலும் இருக்கிறது, ஹிபிஸ்கஸ் பேரினத்துக் காட்டுப் புதர் ஒன்றிலும் இருக்கிறது. எட்டாவது ஸ்தானத்து ஆக்ஸிஜன் குலத்துக்குப் பொதுவான அடையாளமேயன்றி, குலத்துக்குள் பாகப்பிரிவினை செய்ய அது போதாது. போதாக்குறைக்கு, தொடர்பே இல்லாத வேறு சில குடும்பங்களிலும் அது தலைகாட்டுகிறது. பருத்தி இனங்களுக்குள்ளே, எது எதற்கு அண்ணன் எது தம்பி என்று பார்ப்பதற்கு இவை பயன்பட்டன. 1975-இல் அமெரிக்காவில் பார்க்ஸ் என்பவரும் அவர் குழுவினரும் காஸிபியம் பேரினம் முழுவதையும் பூ வர்ணங்களைக் கொண்டு ஆராய்ந்து எழுதினார்கள். பூவரசா செம்பருத்தியா என்ற கேள்விக்கோ வேறு சாட்சி தேவைப்பட்டது.

அந்தச் சாட்சி, மாடு வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் ஊறிக்கொண்டிருந்தது. கள்ளக்குறிச்சியில் ஏலத்துக்கு மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் பருத்தியில் பஞ்சு ஆலைக்குப் போகிறது. கொட்டை ஆட்டுக்கல்லுக்கோ செக்குக்கோ போகிறது. ஒரு பருத்திக்கொட்டையை எடுத்துக் கத்தியால் குறுக்கே வெட்டிப் பார்த்தால், மடிந்து சுருண்ட வெளிர்மஞ்சள் பருப்பின் நடுவே, கசகசா தூவினாற்போலக் கரும்புள்ளிகள் தெரியும். பருத்தி இலையை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாலும் அதே புள்ளிகள். அவை ஒவ்வொன்றும் ஒரு சுரப்பி. அதற்குள் இருப்பது காஸிபால் என்னும் மஞ்சள் நச்சு. 1886-இல் லாங்மோர் என்பவர் பருத்தி எண்ணெயிலிருந்து அதைக் கண்டார். 1899-இல் மார்ச்லெவ்ஸ்கி தூய்மைப்படுத்திப் பெயர் சூட்டினார். 1938-இல் ரோஜர் ஆடம்ஸ் அதன் அமைப்பை நிர்ணயித்தார். பூச்சிகளிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ளச் செடி வைத்திருக்கும் ஆயுதம் அது. அசைபோடும் மாட்டின் வயிறு அதைத் தாங்கிக்கொள்கிறது. கோழிக்கு அளவு மீறிப் போட்டாலோ முட்டையின் மஞ்சட்கரு பாசிப்பச்சையாக மாறிப்போகும்.

செம்பருத்தியிலும் வெண்டையிலும் புளிச்சையிலும் இந்தக் கரும்புள்ளிகளைத் தேடினால் கிடைக்கமாட்டா. பூவரசிலோ அவை இருக்கின்றன. பூவரசங்காயைப் பிஞ்சில் கீறினால் பளீரென்ற மஞ்சட்பால் கசியும்; படைக்கும் சொறிக்கும் அதைத் தடவுவது கிராமத்து வழக்கம். பூவரசிலிருந்து தெஸ்பீஸின் என்ற பொருள் ஒன்று 1963-இல் இந்தியாவில் பிரித்தெடுக்கப்பட்டிருந்தது. 1967-இல் லூக்ஃபாரும் ஃப்ரிக்ஸெலும் பருத்தியின் உறவென்று ஐயுறப்பட்ட பேரினங்களில் காஸிபால் இருக்கிறதா என்று பரிசோதித்து வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டான 1968, இந்தச் சரித்திரத்தில் ஒரு மகத்தான வருஷம். அந்த ஓராண்டில், கிங்கும் இலங்கையரான டி சில்வாவும் பூவரசில் இருப்பது காஸிபாலேதான் என்று எழுதினார்கள். டில்லியில் சேஷாத்ரி, தத்தா, மூர்த்தி ஆகிய மூவரும் தனியே அதே முடிவுக்கு வந்து 'கரண்ட் ஸயன்ஸ்' சஞ்சிகையில் வெளியிட்டார்கள். அமெரிக்க விவசாய இலாகாவின் தாவரவியலாரான பால் ஃப்ரிக்ஸெல், பருத்தியையும் பூவரசையும் ஹிபிஸ்கஸ் கூட்டத்திலிருந்து பிரித்து, 'காஸிபியே' என்ற தனிக் கிளைக்குடும்பத்துக்கு எல்லை வகுத்துக் கட்டுரை எழுதினார். முப்பது வருஷங்களுக்கு முன் பருத்திப் பூவில் கைவைத்த சேஷாத்ரியே பூவரசின் வழக்கிலும் சாட்சியத்தைக் கொண்டுவந்து நிறுத்தியதை நினைக்கையில் எனக்குப் பெருமிதமாக இருக்கிறது.

ஃப்ரிக்ஸெல் காஸிபால் ஒன்றை மாத்திரம் நம்பித் தீர்ப்பு எழுதினாரில்லை; சூலகத்தண்டின் நுனியையும் கருவின் மடிப்பையும் சேர்த்தே எடைபோட்டார். அந்த வேற்றுமையை யாரும் தம் வீட்டு வாசலில் பார்க்கலாம். செம்பருத்திப் பூவின் குழல் நுனியில் ஐந்து சிவந்த குமிழ்கள் ஐந்து காம்புகளில் தனித்தனியே விரிந்து நிற்கும், பூவரசம் பூவில் தண்டு பிரியாமல், ஒரே திரளாக முடியும், பருத்தியிலும் அப்படியே. இத்தனை காலமும் கண்ணெதிரே இருந்த அடையாளம்தான்; ஆனால் எந்த அடையாளம் முக்கியம், எது அற்பம் என்று தெரியாமல் இருந்தபோது, காஸிபால்தான் அதற்கு உரிய கனத்தைக் கொடுத்தது.

இன்னொரு நுட்பமும் உண்டு. காஸிபால் அணுத்திரள், இடக்கையும் வலக்கையும் போல, ஒன்றின் மேல் ஒன்று பொருந்தாத இரு வடிவங்களில் அமையும். பருத்தியில் இரண்டும் கலந்தே இருக்கின்றன. பூவரசில் அநேகமாக வலஞ்சுழி வடிவம் ஒன்றே. பருத்தி எண்ணெயைச் சரிவரச் சுத்தி செய்யாமல் உண்ட சீனக் கிராமங்களில் ஆண்களுக்கு மலட்டுத்தன்மை கண்டதும், 1970-களில் காஸிபாலை ஆண்களுக்குரிய கருத்தடை மருந்தாக அங்கே பரிசோதித்ததும் பலர் அறிந்தவை. அந்தக் குணம் இடஞ்சுழி வடிவத்துக்கே உரியது என்று பின்னர் தெரிந்தது. பங்காளிகளுக்குள்ளும் இவ்வளவு வேற்றுமை இருக்கத்தான் செய்கிறது.

இதே காலத்தில் எலவனாசூர்கோட்டைக்குக் கிழக்கே உள்ள புதுச்சேரியிலும் இந்த வேலை நடந்துகொண்டிருந்தது. ஜிப்மர் நிலையத்தின் ரசாயனப் பகுதியில் சங்கர சுப்பிரமணியனும் ராமச்சந்திரன் நாயரும் தென்னாட்டுச் செடிகளின் பூவிலும் இலையிலும் உள்ள வர்ணங்களை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து வந்தார்கள். 1972-இல் இந்தப் பருத்திக் குலத்துச் செடிகள் நான்கைப் பற்றி எழுதினார்கள். அப்போது கூடைப் பூ தேவையில்லாமல் போயிருந்தது. சில இதழ்களை நசுக்கி, சாற்றில் ஒரு சொட்டை வடிதாளின் மூலையில் வைத்து, தாளின் விளிம்பைக் கரைப்பானில் தோய்த்துத் தொங்கவிட்டால், கரைப்பான் ஏற ஏறப் பொருள்கள் தனித்தனிப் பொட்டுகளாகப் பிரிந்து நிற்கும்; அம்மோனியா ஆவியில் காட்டியதும் கண்ணுக்குத் தெரியாத பொட்டுகள் மஞ்சளாகத் துலங்கும். 1944-இல் இங்கிலாந்தில் தோன்றிய இந்தத் தாள் முறை வந்திராவிட்டால், 1960-களில் ஹெக்னாவர், ஆல்ஸ்டன், டர்னர், ஹார்போர்ன் முதலியோர் செடிகளின் ரசாயனப் பகுப்பைத் தனிச் சாஸ்திரமாக நிலைநாட்டியிருக்க முடியாது. சப்பாத்திக் கள்ளிப் பழத்தின் சிவப்பும், காகிதப்பூவின் சிவப்பும், தண்டுக்கீரையின் சிவப்பும் செம்பருத்தியின் சிவப்பினின்று முற்றிலும் வேறான ஒரே வகைப் பொருளால் ஆனவை என்று தெளிந்து, கள்ளியைக் கீரையின் உறவாக ஐயமற வைத்ததும் அந்தக் காலத்து வெற்றியே.

செடிகளைக் கண்டு, பறித்து, அழுத்தி, பெயரிட்டு வைப்பவர்கள் இல்லையேல் ரசாயனிக்கு எந்தப் பூவைக் கொதிக்கவைத்தோம் என்றே தெரியாது. கல்வராயன் உட்பட நம் உள்நாட்டு மலைகளின் செடிகளைத் திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் தாவரகத்தைச் சேர்ந்த பாதிரியார் கே. எம். மாத்யூ தம் தோழர்களோடு ஏறி இறங்கித் திரட்டி, 1981 முதல் தொகுதி தொகுதியாக வெளியிட்டார். அத்தகைய தாவரகத் தாள்களிலிருந்து ஒரு துண்டு இலையைக் கிள்ளி எடுத்தே இன்று மரபணுவைப் படிக்கிறார்கள். 1997-இல் ஸீலானன், ஷ்னேபல், வெண்டல் ஆகியோர் மரபணுவைக் கொண்டு ஆராய்ந்தபோது, காஸிபால் சுமக்கும் பேரினங்கள் யாவும் ஒரே வம்சத்தில் உதித்தவை என்பது உறுதியாயிற்று.

வம்சம் உறுதியானாலும் அதற்குள்ளே வழக்கு ஓயவில்லை. கிழக்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் ஆளுயரம் வளர்ந்து, கருஞ்சிவப்பு நடுவுள்ள பெரிய மஞ்சள் பூ பூக்கும் காட்டுப்பருத்தி என்ற புதரை 1787-இல் கவானில்லஸ் ஹிபிஸ்கஸ் என்றார். 1861-இல் அலெஃபெல்ட் அதற்கு 'அஸான்ஸா' என்று தனிப் பேரினம் வகுத்தார். அதே ஆண்டில் பம்பாய்ப் பக்கத்துத் தாவரங்களை எழுதிய டால்ஸெல் அதைப் பூவரசோடு சேர்த்தார். நூறு வருஷங்களுக்கு மேல் டால்ஸெல் சொன்னதே வழங்கிவந்தது. அண்மைக்கால மரபணு ஆராய்ச்சியோ, பூவரசின் பேரினம் ஒரே கிளையன்று என்று காட்ட, அலெஃபெல்ட் இட்ட பழைய பெயரை மீட்க வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். பருத்திக்குரிய சுரப்பிகள் அதன் உடலிலும் இருப்பதனால் அது இனிச் செம்பருத்தியின் பக்கம் திரும்பிப் போகப்போவதில்லை. பூவரசோடு ஒரே கூரையின்கீழ் இருப்பதா, தனிக்குடித்தனம் போவதா என்பதுதான் இப்போது விசாரணையில் இருக்கிறது.